காசு எங்களோடது, சொவரு தோட்டத்தோடது



போன வாரம் ஒரு மாணவியின் வீட்டுக்குப் போனேன். இந்த வருடம் சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளை, இரண்டு நாள் பாடசாலைக்கு வரவில்லை. லயக் காம்பராவுக்குள் பெரிய டீவி. வெளியே பொலித்தீன் போட்டு மூடிய கல் குவியல், பாசி பிடித்துக் கிடந்தது.

"டீவிக்குப் பதிலா பிள்ளை படிக்க ஒரு அறை கட்டியிருக்கலாமே?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன்.

"அதுக்குத்தான் சேர் அந்தக் கல்லு. சீட்டுக் காசுல வாங்குனது. கட்டத் தொடங்கினதும் ஆபீஸ்ல இருந்து வந்து நிப்பாட்டிட்டாங்க. காசு எங்களோடது, சொவரு தோட்டத்தோடது."

எனக்கு வெட்கமாகிவிட்டது. இதே கேள்வியை என் உம்மாவிடமும் கேட்டிருக்கிறார்கள்.

1990 ஒக்டோபர் 30இல் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணி நேரத்தில் வெளியேறச் சொன்னார்கள். நாங்கள் புத்தளத்தில் ஒரு கிடுகுக் குடிசை முகாமில் ஒதுங்கினோம். நிவாரண அட்டைக்குக் கிடைத்த அரிசியும் பருப்பும்தான் எங்களை வாழ வைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் குடிசை நின்ற காணி இன்னொருவருடையது. வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போய்ச் சேர்த்த காசில் ஒரு கல்லு வைக்கவும் உம்மா பயந்தார். காணிக்காரர் எழும்பச் சொன்னால்? வசதி வந்துவிட்டது என்று அட்டையை வெட்டினால்? கடைசியில் இரண்டு காப்பு வாங்கினார். "நிவாரணம் எடுக்கிறவளுக்கு நகை ஒரு கேடா?" என்று ஊர் பேசியது. வெளியேறும்போது இருந்த நகையைப் பறிகொடுத்து வந்தவர், திரும்பவும் நகையைத்தான் வாங்கினார். தூக்கிக்கொண்டு போகக்கூடியது அது ஒன்றுதானே.

பிறகு வாப்பா ஒரு சிறு துண்டுக் காணி வாங்கினார். 2007இல் உலக வங்கி உதவியோடு புத்தளம் வீடமைப்புத் திட்டம் வந்தது. காசைத் தவணை தவணையாகத் தந்தார்கள், கட்டியது நாங்கள். காணி எங்கள் பெயரில் என்றதும் உம்மா காப்பை விற்று இன்னொரு அறை கூட்டிக் கட்டினார். யாரும் அவருக்குச் சிக்கனம் சொல்லிக் கொடுக்கவில்லை.

ஆகவே "தோட்டத்து ஆட்கள் காசை வீணாக்குகிறார்கள்" என்று இனி நான் சொல்ல மாட்டேன். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாய், 2024இல் 1,350 ரூபாய் என்று போராடித்தான் கூடியது. அந்தக் காசை நிற்கிற இடத்தில் போட முடியாவிட்டால் அது டீவிக்கும் போனுக்கும்தான் போகும். இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வீடுகள் வருகின்றன. 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகள் அறிவித்தார். நல்லது. ஆனால் சாவியோடு காணி உறுதியும் கைக்கு வருகிறதா என்று நாம் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்.

அதுவரை ஒரு சின்ன ஏற்பாடு. பாடசாலை விட்ட பிறகு மாலை 5 மணி வரை, பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்து நான் இருப்பேன். பனி இறங்குவதற்குள் பிள்ளைகளை லயங்களுக்குக் கூட்டிப்போக இரண்டு மூன்று பெற்றோர் முன்வந்தால் போதும். கீழே சொல்லுங்கள்.

அந்தத் தாயிடம் கேட்டுத்தான் இதை எழுதினேன். "எழுதுங்க சேர், கல்லு கரையறதுக்குள்ள யாராச்சும் படிக்கட்டும்" என்றார்.