அப்பாவின் கேமராவும் அனுப்பும் செலவும்

எஃப்.ஓ.பி.க்கும் சி.ஐ.எஃப்.புக்கும் என்ன வித்தியாசம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பி.காம். படித்த காலத்துப் பாடம். வங்கியில் இறக்குமதி பில்களையும் வருஷக்கணக்காகப் பார்த்தாயிற்று. அப்படிப்பட்ட மகானுபாவன்தான் ஜப்பானிலிருந்து உள்ளங்கை அளவு கண்ணாடி ஒன்றை வாங்கிவிட்டு முழித்தேன் :-)

மாயவரத்தில் அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். எங்கள் தெருவில் பாதிக் கல்யாணங்கள் அவருடைய யாஷிகா-மேட் கேமராவில் எடுத்தவை. மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா. உள்ளே சாய்வாக இருக்கும் கண்ணாடியில் ரசம் போய், பரணில் கிடந்தது. "அதுக்கும் எனக்கும் ஒண்ணா கண்ணு மங்கிப் போச்சுடா" என்பார். போன வருஷம் அவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனது. கேமராவுக்கும் செய்துவிடலாமே என்று அகமதாபாத்தில் உட்கார்ந்து இணையத்தில் தேடினேன்.

கண்ணாடி 2,000 ரூபாய். அனுப்பும் செலவு 1,600. சரி, 3,600 என்று கார்டைத் தேய்த்தேன். வெளிநாட்டுப் பணம் என்பதால் கார்டுக்கு 3.5 சதவீதம், அதாவது 126 ரூபாய். அந்த 126-க்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேறு.

அப்புறம் விற்றவரிடமிருந்து மடல். 'அன்பளிப்பு' என்று போட்டு, மதிப்பைக் குறைத்து எழுதி அனுப்பட்டுமா என்றார். "எல்லாரும் செய்யறதுதானே?" என்றார் தங்கமணி. சபலம் எனக்கும் இருந்தது. ஆனால் ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர, அன்பளிப்புப் பார்சல்களுக்கு இருந்த விலக்கு 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. மதிப்பைக் குறைத்து எழுதினால் பொய்க் கணக்கு. பார்சல் தொலைந்தால் நஷ்ட ஈடும் அந்தப் பொய்க் கணக்குப்படிதான். இதெல்லாம் போகட்டும். ஆபீசில் அடுத்தவர் இன்வாய்ஸில் மதிப்பு இடித்தால் கேள்வி கேட்கிற ஆள் நான். என் பார்சலுக்கு மட்டும் கண்ணை மூடிக்கொள்வதா? வேண்டாம் என்று எழுதிவிட்டேன்.

பார்சல் வந்தது, கூடவே வரிச்சீட்டும். நான் மறந்தது இதைத்தான்: வரி 2,000-க்கு மட்டும் இல்லை. விலை, அனுப்பும் செலவு, இன்சூரன்ஸ் மூன்றையும் கூட்டி, அதன்மேல் சுங்கம், அதற்கும் மேல் ஐ.ஜி.எஸ்.டி. அதாவது அனுப்பும் செலவுக்கும் சேர்த்து வரி. அதுதான் சி.ஐ.எஃப்.! வரியை எனக்காகக் கட்டியதற்குக் கூரியருக்குத் தனிக் கட்டணம். எல்லாம் சேர்ந்து ஐயாயிரத்தைத் தாண்டியது.

நீங்களும் வாங்குவதாக இருந்தால் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். வீட்டு வாசலுக்கு வந்து சேர என்ன ஆகும் என்று முதலில் கூட்டிப் பாருங்கள். வரி சேர்த்த விலையா என்று விற்பவரிடம் கேளுங்கள். இரண்டு பொருள் தேவை என்றால் ஒரே பார்சலில் வரவழையுங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அப்பாவே கண்ணாடியைப் பொருத்தினார். குனிந்து பார்த்தார். நிமிரவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து, "உங்கம்மா முத்தத்துல நிக்கறா, பளிச்சுனு தெரியறாடா" என்றார். அடுத்த கேள்வி, "எவ்வளவு ஆச்சு?"

சுங்கத்திடம் பொய் சொல்லாத வாய், "ஐந்நூறு ரூபாய்தாம்ப்பா" என்றது.