‘ஆதே’ அப்பா!

எங்க அப்பாவுக்குத் தமிழில் பிடித்த எழுத்துக்கள் இரண்டே இரண்டு. ‘ஆ’, ‘தே’!

‘பனியில நிக்காதே’, ‘எதிர்த்துப் பேசாதே’, ‘ராத்திரி கெத்தை ரோட்டுல பைக் ஓட்டாதே, யானை நிக்கும்’... மஞ்சூர்க் குளிரைவிட இதுக்குத்தான் நான் அதிகம் நடுங்கியிருக்கேன். பி.காம். முடிச்ச கையோட, 43 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் எக்ஸ்போர்ட் கம்பெனியில் போய் விழுந்தேன். அப்பாடா!

விதி யாரை விட்டது? கம்பெனிக்குத் தென் அமெரிக்காவில் கஸ்டமர்கள். முதலாளி ஒரு புத்தகத்தைக் கையில் திணித்து, ‘‘ஸ்பானிஷ் கத்துக்கய்யா’’ என்றார்.

பெரு நாட்டுப் பார்ட்டி ஒருத்தர் பணம் அனுப்பத் தயாராக இருந்தார். பில்லில் தப்பு. ‘இப்ப அனுப்பாதீங்க’ன்னு சொல்லணும். ஸ்பானிஷில் அனுப்புவதற்கு ‘மாண்டார்’ என்று பெயர் (யாரும் சாகலை சார்!). ‘மாண்டாஸ்’ என்றால் ‘நீ அனுப்புகிறாய்’. முன்னால் ஒரு ‘நோ’வைப் போட்டுத் தட்டிவிட்டேன். மனுஷன் கொதிச்சிட்டார். ‘நான் எப்பய்யா அனுப்பாம இருந்தேன்?’

நான் எழுதினது, ‘நீ அனுப்புறதில்லை’ன்னு ஆயிருந்தது!

அப்புறம்தான் புத்தகத்தை ஒழுங்காகப் புரட்டினேன். நம்ம ஊரில் பேசு, பேசாதே, ஓடு, ஓடாதே... வாலை ஒட்டினால் வேலை முடிஞ்சது. அங்கே ‘நோ’ மட்டும் போதாது. ஒழுங்கான வினைகள், பங்காளிங்க வேட்டியை மாத்திக் கட்டின மாதிரி, உயிரெழுத்தை மாத்திக்கணும். ‘மாண்டாஸ்’, ‘நோ மாண்டெஸ்’ ஆகும். ‘கோமெஸ்’ (சாப்பிடுகிறாய்), ‘நோ கோமாஸ்’ ஆகும். மரியாதைக்குக் கடைசி ‘ஸ்’ஸை வெட்டணும். நான் எழுதியிருக்க வேண்டியது, ‘நோ மாண்டெ’!

எதுக்கு இந்த வேஷம்? ‘பேசு’ன்னு ஒருத்தனை ஒருமையில் அதட்ட அங்கே தனி வடிவம் உண்டு. ‘பேசாதே’வுக்குக் கிடையாது. ஆசை, பயம், சந்தேகம் இதையெல்லாம் சொல்ல ஒரு வடிவம் வெச்சிருக்காங்களே, அதைக் கடன் வாங்கிக்கிறாங்க.

அந்தப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்னுட்டேன்.

அந்த வாரம் மஞ்சூர் போய்த் திரும்பும்போது, அப்பா பஸ் வரைக்கும் வந்தார். மஃப்ளரை நீட்டினார். ‘‘ஜன்னலோரம் உக்காராதே. ராத்திரி கண்ணு முழிக்காதே. வெளியில கண்டதைச் சாப்பிடாதே...’’

யோசிச்சுப் பார்த்தேன். ஊரை விட்டுக் கிளம்பின நாளிலிருந்து இன்னிக்கு வரைக்கும், ‘போகாதே’ன்னு மட்டும் அவர் சொன்னதே இல்லை.

ஜன்னலோர ஸீட் காலியாத்தான் இருந்தது. உக்காரலை.