நூலளவு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அந்தக் கண்ணாடிக் கடையின் பின்கட்டு ஆறடிக்கு நாலடி. தண்ணீர் சொட்டும் சாணைக்கல், ஒரு லென்ஸ்மீட்டர், ஃபிரேமைச் சூடாக்க ஒரு ஹீட்டர். கடைக்காரர் பாய் என் கண்ணாடியைக் கழற்றித் தரச் சொன்னார். வேறு ஊரில் வாங்கியது. அரை மணி நேரம் புரூஃப் பார்த்தால் நெற்றிப்பொட்டு தெறிக்கும். பவர் சரிதான் என்று இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள்.

பாயும் பவரில் குறை காணவில்லை. இரண்டு லென்ஸிலும் மையப்புள்ளி குத்தி ஸ்கேலை வைத்தார். "65 இருக்கு சார். இது தூரத்துக்கு எடுத்த அளவு. படிக்கிறப்ப கண்ணு ரெண்டும் மூக்குப் பக்கம் வரும்ல? 61-ல வச்சிருக்கணும்."

வித்தியாசம் ஒரு கண்ணுக்கு 2 மில்லிமீட்டர்தான். ஆனால் ப்ளஸ் லென்ஸ் நடுவில் தடித்தது. மையம் தப்பி உள்பக்கமாகப் பார்த்தால் பட்டகம்போல ஒளியை வளைக்கும். கண்கள் இன்னும் கொஞ்சம் உள்ளே திரும்பிச் சமாளிக்கும். பலர் இதை உணர்வதே இல்லை. எனக்கு மண்டை இடித்தது. பஸ் ஸ்டாண்டில் தொங்கும் ரெடிமேடு கண்ணாடிக்கோ எல்லா மூக்கும் ஒன்றுதான்.

"இதை நகத்த முடியாது, புதுசா வெட்டணும். வேலையை எவ்ளோ தூரத்துல வச்சுப் பாக்குறீங்க?" என்றார். தெரியவில்லை. "அப்ப சிதம்பரம் போய், நம்மகிட்ட கண்ணாடி போட்ட நகைப் பத்தரைப் பாத்துட்டு வாங்க. அவர் அளவோடதான் வந்தாரு."

கீழவீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பட்டறை. பத்தருக்கு அறுபதை ஒட்டிய வயது. அவருக்கும் கிட்டப் பார்வை மங்கல்; நாற்பதில் வருவதால் இதற்குச் சாளேசுரம் என்று பெயர். வடக்கே 'சாலீஸ்' என்றால் நாற்பது. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இறுகி, கிட்டப் பார்வைக்கு வளைய மறுக்கும். 40 சென்டிமீட்டரில் பேப்பர் படிக்க 2.5 டயாப்டர் வேண்டும். பத்தர் சங்கிலிக் கண்ணியைப் பிடிப்பதோ 25 சென்டிமீட்டரில். அங்கே 4 வேண்டும். பேப்பருக்குப் போட்ட கண்ணாடியோடு பட்டறையில் உட்கார்ந்து, வருஷக்கணக்கில் கண்ணைச் சுருக்கியே காலம் தள்ளியிருக்கிறார்.

சாமணத்தால் ஒரு கண்ணியைத் தூக்கி, அடுத்ததன் வாயில் கோத்து மூடினார். கடுகைவிடச் சின்ன இடைவெளி. இப்போது மூக்கில் இருந்தது பாய் செய்துகொடுத்த ஒற்றைப் பவர் கண்ணாடி. மணி பார்க்க அதை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டார்.

பிரான்சில் பெர்னார் மெத்னா வடிவமைத்து 1959-இல் வந்த வாரிலக்ஸ் முதலாக, மேலிருந்து கீழே பவர் ஏறும் புரோகிரசிவ் லென்ஸ்கள் உண்டு. எழுத்து வேலைக்கு அருமை. பட்டறைக்கு? ஓரங்களில் கலங்கும்; கிட்டப் பார்வை கீழே ஒரு குறுகிய இடத்தில்தான். கண் பலகை முழுக்க அலைகிற தொழிலுக்கு, விலை கூடிய அதைவிட இந்த எளிய கண்ணாடியே மேல் என்பேன்.

அசாம் தேயிலைத் தோட்டங்களில், நாற்பது தாண்டியவர்களுக்குச் சாதாரணக் கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-இல் வந்தது. பறித்த இலை, கண்ணாடி இல்லாதவர்களைவிட 21.7 சதவீதம் கூடியது. பத்தரிடம் சொன்னேன். "இலைக்கே அப்படின்னா," என்று சிரித்தார்.

"பாய்கிட்ட அளவு எப்படிச் சொன்னீங்க?"

மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு வெள்ளை நூலை எடுத்தார். இரு நுனியிலும் முடிச்சு. ஒரு முடிச்சைப் புருவத்தில் வைத்து நீட்டினார். மற்றது பட்டறைக்கல்லின் மேல் வந்து நின்றது. "இதை மடிச்சு பாக்கெட்ல வச்சு கடலூருக்கு பஸ் ஏறினேன்."

அன்றிரவு புரூஃப் கட்டைப் பிரித்துவைத்து, மனைவியிடம் தையல் நூல் கேட்டேன்.