விசிறிக்கும் ஒரு கணக்கு உண்டு

களுவாஞ்சிகுடியிலிருந்து பட்டிருப்புப் பாலம் ஏறி இறங்கினால் படுவான்கரை. அங்கே பழுகாமத்துக்கு வயலும் வாவியும் இரண்டு பிழைப்பு. ஐம்பது கிலோமீற்றருக்கும் மேல் நீளமான மட்டக்களப்பு வாவி இந்தப் பக்கத்தில் பெரும்பாலும் ஓராள் ஆழம்தான். தோணிக்காரர் கம்பு ஊன்றியே வலைக்குப் போய்விடுவார். இஞ்சின் வேண்டியவர்கள் வேறு: குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் ஏற்றும் பாதைக்காரர்கள், முகத்துவாரம் திறந்திருக்கும்போது கல்லாற்றால் கடலுக்குப் போகும் ஃபைபர் படகுக்காரர்கள். அவர்களின் இஞ்சின்களைப் பார்க்கும் ஒரு பட்டறைக்குத்தான் போயிருந்தேன்.

தகரக் கூரை, இரண்டு மரத் தாங்கிகள், அவற்றில் தலை கழற்றப்பட்ட இஞ்சின்கள். சுவர் நீளத்துக்கு ஆணியில் தொங்கியவை விசிறிகள், அதாவது புரொப்பெல்லர்கள். நுனி வளைந்தவை, விளிம்பு கடிபட்டவை, ஓர் இறக்கையே போனவை. பட்டறை பாஸுக்கு அறுபது வயது இருக்கும். கடையில் புதிது வாங்கப் போகிறவர்களும் முதலில் அவரிடம்தான் யோசனை கேட்க வருகிறார்கள்.

ஒரு விசிறியைக் கழற்றி என் கையில் தந்தார். நடுக்குமிழில் 9 1/4 x 9 என்று பொறித்திருந்தது. முதல் எண் குறுக்களவு, இரண்டாவது பிட்ச், இரண்டும் அங்குலத்தில். தண்ணீர் வழுக்கிக் கொடுக்காவிட்டால் ஒரு சுற்றில் படகு எவ்வளவு முன்னே போகும் என்பதே பிட்ச். இஞ்சின் 5,000 சுற்றில் ஓடினாலும் கியர் அதை ஏறத்தாழ பாதியாக்கித்தான் விசிறிக்குக் கொடுக்கும். நிமிடத்துக்கு 2,500 சுற்று, சுற்றுக்கு 9 அங்குலம் என்றால் மணிக்கு 34 கிலோமீற்றர் வருகிறது. அது தாளில். தண்ணீரில் நூற்றுக்குப் பத்து இருபது வழுக்கிப் போகும், பாரமான படகில் அதற்கும் மேல்.

நான் நின்றபோதே வழக்கொன்று வந்தது. பதினெட்டு அடி ஃபைபர் படகு, 15 குதிரைவலு இஞ்சின். “இஞ்சின் இழுக்குதில்ல அண்ண, 25 ஒண்டு எடுக்கப் போறன்” என்றார் வந்த இளைஞர். பாஸ் இஞ்சினைத் திறக்கவில்லை. குனிந்து விசிறியின் எண்ணைப் பார்த்தார். 11 பிட்ச். வேகமாகப் போகும் என்று யாரோ சொல்ல, பெரிய பிட்சாக வாங்கிப் பூட்டியிருக்கிறார்.

“வேகத்தப் பாத்து விசிறி வாங்கப்படாது மனே, சுமையப் பாத்துத்தான் வாங்கணும். சேத்துக்குள்ள உழவு மெஷின டாப் கியர்ல இறக்குவியா?”

வயல்கரைப் பையனுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

படகை வாவியில் இறக்கினார்கள். வழக்கமாகப் போகும் பாரம் இருக்கவேண்டும் என்று பாஸ் பிடிவாதமாகச் சொன்னதால் வலையும், ஐஸ் பெட்டியும், இரண்டு ஆட்களும் ஏறினார்கள். பிளக் வயரில் கவ்வும் ஒரு சிறிய ஆர்.பி.எம். மீட்டரை மாட்டி, கைப்பிடியை முழுதாகத் திருகினார்கள். 4,400. இந்த வகை டூ ஸ்ட்ரோக் இஞ்சின் முழு வேகத்தில் 4,500க்கும் 5,500க்கும் இடையில் நிற்கவேண்டும். அதற்குக் கீழே திணறினால் எண்ணெய் சரியாக எரியாது, பிளக்கில் கரி பிடிக்கும், பிஸ்டன் சூடேறும். மாறாகப் பிட்ச் குறைந்துபோனால் சுற்று எல்லை தாண்டி இஞ்சின் அலறும். பிட்சில் ஓர் அங்குலம் குறைத்தால் 150 முதல் 200 சுற்று ஏறும் என்பது பொதுவான கணக்கு. 9 பிட்ச் பூட்டியதும் மீட்டர் 4,800 காட்டியது. தலைப்பு சீக்கிரம் தணிந்து படகு தண்ணீர்மேல் ஏறி ஓடியது. 25 குதிரைவலுப் பேச்சு அத்தோடு முடிந்தது.

பிறகு உயரத்தைப் பார்த்தார். விசிறிக்கு மேலே கிடையாக இருக்கும் தட்டு, படகின் அடிமட்டத்தோடு ஏறத்தாழ ஒரே கோட்டில் வரவேண்டும். அதைவிட உயர்ந்தால் திரும்பும்போது விசிறி காற்றை இழுத்து வெறுமனே சுழலும். தாழ்ந்தால் தண்ணீர் பிடித்திழுக்கும், கோடையில் மண்ணையும் கிண்டும். பின்பலகைமேல் ஒரு பலகைத்துண்டு வைத்து இஞ்சினைச் சற்று உயர்த்தியதோடு வேலை முடிந்தது. அமெரிக்க ஏரிகளில் மீன்பிடிப் போட்டிக்கு ஓடும் 200 குதிரைவலுப் படகுகளில் இதே வேலைக்கு ஹைட்ரோலிக் தூக்கி பூட்டுகிறார்கள். கருவி மாறினாலும் கணக்கு ஒன்றுதான்.

ஆனால் அவர்கள் விரும்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் விசிறியை இந்த வாவிக்கு பாஸ் சிபாரிசு செய்வதில்லை. அது மெல்லிசு, வளையாது, வேகமும் கொடுக்கும். கல்லிலோ கட்டையிலோ அடிபட்டால் அந்த அதிர்ச்சி நேராகக் கியருக்குப் போய்விடும். அலுமினியம் தானே வளைந்து கியரைக் காப்பாற்றும். வளைந்ததை மரக்கட்டையில் வைத்துத் தட்டி, விளிம்பை அரத்தால் ராவி, மூன்று இறக்கையும் ஒத்து வருகிறதா என்று அட்டை வெட்டி அளந்து பார்ப்பதே அவருடைய அன்றாட வேலை.

விசிறியைக் கழற்றியபோது அதன் பின்னால் அச்சில் தங்கூஸ் நூல் இறுகச் சுற்றியிருந்தது. கத்தி முனையால் கீறி எடுத்தார். அந்த நூல் உள்ளேயிருக்கும் சீலை அறுத்தால் கியருக்குள் தண்ணீர் இறங்கும். அடித்திருகைத் தளர்த்தி எண்ணெயில் ஒரு சொட்டை விரலில் எடுத்துக் காட்டினார். தெளிவாகத்தான் இருந்தது. பால்போல் வெளுத்திருந்தால் சீல் போய்விட்டதென்று அர்த்தம். கிட்டங்கிப் பக்கம் ஆற்றுவாழை அடைக்கும் காலத்தில் தண்டும் வேரும் விசிறியில் சுற்றும். அப்போது ஓடி முடிந்ததும் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதெல்லாம் நுணுக்கக்காரரின் பொழுதுபோக்கு அல்ல. இந்த இஞ்சின்களில் பெரும்பாலானவை பெற்றோலில் தொடங்கி மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஒரே இரவில் ஏறியபோது கரையிலே கிடந்த படகுகள் எத்தனையோ. 87 ரூபாய்க் காலத்தில் பிழையான விசிறி தின்ற எண்ணெய் கணக்கில் தெரியவில்லை. இன்று தெரிகிறது.

பெட்டியோடு வரும் விசிறி உங்கள் படகை அளந்து செய்ததல்ல. பெரிய இஞ்சினுக்குக் கடன் எடுக்கும் முன் ஒருமுறை பாரத்தோடு ஓட்டி மீட்டர் பார்க்கவேண்டும். தனியாளுக்கு அந்த மீட்டரும் மாற்று விசிறிகளும் வீண்செலவாகத் தோன்றலாம். மீனவர் சங்கத்துக்கு அப்படியல்ல. வாவிக்கரைச் சங்கம் ஒவ்வொன்றும் ஒரு மீட்டரும், பிட்ச் வேறுபட்ட மூன்று விசிறிகளும் பொதுவில் வாங்கி வைக்கட்டும். உறுப்பினர் பூட்டி ஓட்டிப் பார்த்து, பொருந்துவதைத் தன் காசில் வாங்கிக்கொள்ளட்டும்.