ராஜாவின் பந்தியில் ஓர் இடம்

தியானத்திற்கு: 2 சாமுவேல் 9-ஆம் அதிகாரம்



மேவிபோசேத்தை நாம் அறிவோம். ஐந்து வயதில், தாதி தூக்கிக்கொண்டு ஓடுகையில் விழுந்து, இரண்டு கால்களும் முடமானவன். தாவீது ராஜா அவனை விசாரித்தார். லோதேபாருக்கு ஆள் அனுப்பி அழைப்பித்தார். தமது பந்தியில் அமரச் செய்தார். அவன் கால்கள் குணமானதாக வேதம் சொல்லவில்லை. முடமானவனாகவே ராஜகுமாரரோடு புசித்தான்.

இந்த அதிகாரத்தை வாசிக்கையில், காஷ்மீரத்துப் பாராமுல்லாவைச் சேர்ந்த இஷ்ரத் அக்தர் என்னும் இஸ்லாமியச் சகோதரி என் நினைவில் வருகிறார். 2016-இல் தம் வீட்டு மாடியிலிருந்து விழுந்து, முதுகெலும்பு பாதிக்கப்பட்டு, நடக்கும் பெலனை இழந்தார். சிகிச்சைக்காக ஸ்ரீநகர் சென்ற இடத்தில், சக்கர நாற்காலியில் அமர்ந்து கூடைப்பந்து ஆடுகிறவர்களைக் கண்டார். தாமும் ஆடக் கற்றார். 2019-இல் இந்திய மகளிர் அணிக்கான பயிற்சி முகாமுக்குச் சென்னையிலிருந்து அழைப்பு வந்தது. அந்த ஆகஸ்டில் காஷ்மீரத்தில் தொலைபேசிகள் யாவும் மௌனமாயிருந்தன. அழைப்பு அவரைச் சென்றடையவில்லை. சென்னையில் அவருக்காகக் காத்திருந்தவர்களோ சும்மாயிருந்துவிடவில்லை. ஓய்வுபெற்ற இராணுவ அதிகாரி ஒருவரின் உதவியால், அவர் வீட்டைத் தேடிக் கண்டுபிடித்துச் செய்தியைச் சேர்த்தார்கள். அவர் சென்னைக்கு வந்தார். அவ்வாண்டே தாய்லாந்தில் இந்தியாவுக்காக ஆடினார்.

அவ்விளையாட்டின் ஒரு விதி என்னை மிகவும் சிந்திக்க வைத்தது. கூடையின் உயரம் மற்றவர்களுக்குள்ள அதே பத்து அடிதான்; சலுகை இல்லை. ஆனால் உடலின் இயங்கும் திறனுக்கேற்ப ஒவ்வொருவருக்கும் 1 முதல் 4.5 வரை புள்ளி உண்டு. களத்திலுள்ள ஐவரின் கூட்டுத்தொகை 14-ஐத் தாண்டலாகாது. திறன் மிகுந்த ஐவரை மட்டும் சேர்த்தால் 22.5 ஆகிவிடும். ஆகவே, பெலன் குறைந்தவருக்கும் இடமளித்தே அணியை அமைத்தாக வேண்டும். 1 கொரிந்தியர் 12-இல் பவுல் அப்போஸ்தலன் சரீரத்தின் பெலவீனமான அவயவங்களைக் குறித்துப் போதிப்பதும் இதுவே அல்லவா?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறை முதல் இடுக்கியின் மூணாறு வரை, எல்லையோரத் தமிழ்ச் சபைகளில் ஊழியம் செய்கிறவன் நான். தோட்டத்து லயத்திலிருந்து கோயம்புத்தூருக்குக் குடிபெயர்ந்த ஒரு தாய் என்னிடம் கண்ணீரோடு சொன்னார்: "ஐயா, என் மகன் மரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனான். ஜெபிக்கிறவர்கள் அவனை எழுந்து நடக்கச் சொல்லுகிறார்கள். அவன் எழும்பாதபோது விசுவாசம் போதாது என்கிறார்கள். ஆராதனை நடப்பதோ இரண்டாம் மாடியில்; லிப்டும் இல்லை. இப்பொழுது அவன் சபைக்கே வர மறுக்கிறான்."

தேவன் இன்றும் சுகமளிக்கிறார். அதை விசுவாசிக்கிறேன், பிரசங்கிக்கிறேன். ஆயினும், கால்கள் குணமான பின்பு பந்திக்கு வா என்று தாவீது சொல்லவில்லையே! அந்த மகன் இழந்தது கால்களின் பெலனை. சபையில் அவனுடைய இடத்தைப் பறித்தது நாமே.

பிரியமானவர்களே, ஊரை விட்டு நகரத்துக்கு வந்த நமக்கு, விசாரிப்பாரின்றி இருப்பதன் வேதனை தெரியும். உங்கள் சபையில் வராமற்போனவர் யார் என்று விசாரியுங்கள். தேடிச் செல்லுங்கள். கீழ்த்தளத்தில் கூடிவர வழியுண்டா என்று மூப்பரோடு ஆலோசியுங்கள். வழியில்லையேல் நான்கு வாலிபர் தோள்கொடுத்துத் தூக்கிவரட்டும். வந்தவருக்கு ஜெபம் மட்டுமல்ல, ஓர் ஊழியத்தையும் கொடுங்கள்: பாடவோ, வேதம் வாசிக்கவோ, சிறுவருக்குப் போதிக்கவோ.

ராஜாவின் பந்தியில் நமக்கும் இடம் கிடைத்தது கிருபையினாலேயன்றி, நம் கால்களின் பெலத்தினால் அல்ல. ஆமென்.