ஓரத்தில் நிற்பவர்கள்

ஆவணி பிறந்ததிலிருந்து ஆகஸ்ட் முடிய இரண்டு வாரம். காரைக்காலில் கல்யாணப் படம் எடுப்பவனுக்கு ஆண்டிலேயே கனமான நாட்கள் அவைதான். பிரான்சில் குடியேறிய நம்மூர்க் குடும்பங்கள் பிள்ளைகளின் பள்ளி விடுமுறைக்கு ஜூலையில் வந்து இறங்குவார்கள். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. செப்டம்பர் தொடக்கத்தில் அங்கே பள்ளி திறந்துவிடும். ஆடி கழிந்து அவர்கள் விமானம் ஏறுவதற்குள் கிடைக்கும் அந்த இடைவெளியில் நிச்சயதார்த்தம், கல்யாணம், காதுகுத்து எல்லாம் நடந்தாக வேண்டும். ஆகஸ்ட் 19 உலகப் புகைப்பட நாள். 1839-இல் அந்தத் தேதியில்தான் தாகேர் கண்டுபிடித்த புகைப்பட முறையைப் பாரிஸில் உலகறியச் சொன்னார்கள். அதற்கு நூறாண்டு முன்னால், 1739-இல், பிரெஞ்சுக்காரர்கள் காரைக்காலில் கால் வைத்தார்கள். எனக்கு அந்தப் புகைப்பட நாள் பெரும்பாலும் ஏதாவதொரு மண்டபத்தில், ஓமப் புகைக்கு நடுவில்தான் கழியும்.

சாமிக்கும் கல்யாணம் செய்து பார்க்கிற ஊர் இது. ஆனிப் பௌர்ணமியை ஒட்டி வரும் மாங்கனித் திருவிழாவில், மாப்பிள்ளை அழைப்பு முதல் திருக்கல்யாணம் வரை காரைக்கால் அம்மையாரின் கல்யாணத்தை ஊரே நடத்தும். அந்த இல்லறம் நிலைக்கவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஆண்டுதோறும் மேளம் கொட்டி நடத்துகிறோம். மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராஜப் பெருமாள் திருமலைராயன்பட்டினம் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, மீனவ மக்கள் அவரை எங்கள் வீட்டு மாப்பிள்ளை என்று சொல்லி வரவேற்பார்கள்.

தாலி கட்டும் நொடியைப் பிடிக்க நான் கற்றது மாங்கனித் திருவிழாவில்தான். பிச்சாண்டவர் வீதியுலா வரும்போது மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் மாங்கனிகளை வீசுவார்கள். கீழே நூறு கைகள் ஏந்தி நிற்கும். பழம் பறப்பதைக் கண்டபின் பொத்தானை அழுத்தினால் படத்தில் வெறும் வானம்தான் இருக்கும். வீசப்போகிறவரின் தோளைப் பார்க்க வேண்டும். தாலியும் அப்படித்தான். கெட்டிமேளம் காதில் விழுந்தபின் அசைந்தால் எல்லோருடைய கையும் அட்சதை தூவ உயர்ந்து மாப்பிள்ளையை மறைத்துவிடும். நாதஸ்வரக்காரரை ஐயர் திரும்பிப் பார்க்கிறாரே, அதுதான் எனக்குச் சமிக்ஞை.

மற்றபடி இந்தத் தொழிலில் பாதி, ஈரக் காற்றோடு நடத்தும் போராட்டம். குளிர்சாதன அறையிலிருந்து மணப்பெண்ணோடு வாசலுக்கு வந்தால் லென்சில் ஆவி படியும். கால் மணி நேரம் முன்பே கேமராவைப் பையோடு வெளியே வைத்துவிட வேண்டும். மழைக்காலத்தில் லென்சுக்குள் பூஞ்சை பிடிக்கும். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைப்பேன். மறுபாதி, வீட்டுக்கு வீடு மாறும் வழக்கம். ஒரே வாரத்தில் கோயில், தேவாலயம், நிக்காஹ் என்று மூன்று கல்யாணம் வரும். நிக்காஹ் வீட்டில் பெண்கள் பக்கத்தை நான் பயிற்சி கொடுத்த பெண் ஒருத்தி எடுப்பாள். அன்றிரவே மெமரி கார்டைக் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு வருவோம். அந்தப் படங்களைக் காப்பது அவர்கள் உரிமை.

இவையெல்லாம் கை பழகினால் வந்துவிடும். கண்ணுக்கு எது முக்கியம் என்பதை மட்டும் எனக்குக் கடல்தான் கற்றுக்கொடுத்தது.

பிலிம் காலத்தில் ஒரு ரோலுக்கு 36 படம். மேடையில் உறவினர்கள் நிற்க, நடுவில் மணமக்களை வைத்து எடுப்போம். பிலிமில் ஒரு படத்தின் அளவு 24-க்கு 36 மில்லிமீட்டர். முழுதாக அச்சிட்டால் எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் வரும். ஆனால் அன்று ஆல்பத்துக்கு நாங்கள் போட்டது எட்டுக்குப் பத்து. பக்கத்துக்கு ஓர் அங்குலம் வெட்டுப்படும். ஓரத்தில் நின்ற வேலைக்கார அம்மாவோ, மேடையேறத் தயங்கிய சித்தப்பாவோ, பக்கத்து வீட்டுக் குழந்தையோ ஆல்பத்துக்கு வராமல் போவார்கள். யாரும் கேட்டதில்லை. எனக்கும் அது பெரிதாகத் தெரிந்ததில்லை.

2004 டிசம்பர் 26. கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி என்று எங்கள் கடலோரக் கிராமங்களை ஆழிப்பேரலை அள்ளிக்கொண்டு போனது. வீட்டோடு ஆல்பமும் போயிற்று. இரண்டு வாரம் கழித்து என் கடை வாசலில் ஒருவர் வந்து நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை.

“தம்பி, எங்க மச்சான் கல்யாணத்த நீங்கதான் எடுத்தீங்க. அவங்க ஆல்பம் தப்பிச்சிடுச்சு, பாத்துட்டேன். பாப்பா அதுல இல்ல. ஆனா அன்னிக்கு ஓரமா நின்னுச்சு தம்பி, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.”

நெகட்டிவ் உறைகளைக் கொட்டித் தேடினேன். விளக்குப் பெட்டியில் வைத்துப் பார்த்தபோது பிலிமின் வலது விளிம்பில் அந்தக் குழந்தை இருந்தது. முகம் கடுகளவு. ஒரு கையால் யாருடைய புடவையையோ பிடித்திருந்தது. அந்த மூலையை மட்டும் பெரிதாக்கினேன். புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. என் கையிலிருந்து போன படங்களிலேயே துல்லியம் குறைந்தது அதுதான். அவர் அதை வாங்கி இரண்டு கையாலும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். காசு வாங்குகிற நேரமில்லை அது.

அதற்குப் பிறகு வந்தவர்கள் பலர். சிலருக்குக் கொடுத்தேன். சிலருக்கு இல்லை என்று சொன்னேன். சொல்லக் காரணம் இருந்தது. சுனாமிக்கு முந்தின ஆண்டு, கடையில் இடமில்லை என்று இரண்டு மூட்டைப் பழைய நெகட்டிவ்களை, அவற்றிலுள்ள வெள்ளிக்காக வாங்குகிறவரிடம் எடைக்குப் போட்டிருந்தேன். கறுப்பு வெள்ளை பிலிமில் படத்தை ஏந்தி நிற்பதே வெள்ளித் துகள்தான். அந்தத் துகளைப் பிரித்து உருக்குவார்கள். இழந்தவர் யாரென்று தெரியாமலே நான் விற்ற முகங்கள் அவை. இன்றும் சில இரவுகளில் அந்த மூட்டைகள் நினைவுக்கு வரும்.

அந்தக் காலத்தில் பல ஸ்டுடியோக்களில் இதுதான் நடந்தது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் ஆவணக் காப்புத் திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள ஸ்டுடியோக்களின் பழைய படங்களைத் தேடி மின்பிரதி எடுத்தது என்று அறிந்தபோது மனம் நிறைந்தது. கண்ணாடித் தகடுகளில் உறைந்திருந்த முகங்களை ஓர் ஆவணமாக மதித்திருக்கிறார்கள். அந்த மதிப்பைக் கடை வைத்திருந்த நாங்களே முதலில் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது என் கடையில் எந்தக் கல்யாணத்தையும் அழிப்பதில்லை, குடும்பமே அழிக்கச் சொன்னாலொழிய. இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் பிரதி. ஒன்று கடையில், மற்றொன்று கடலுக்குத் தள்ளி, உறவினர் வீட்டு மாடியில். ஸ்டுடியோவிலும் ஒரு வழக்கம் வந்துவிட்டது. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வயதானவர்கள், ‘சொல்தா’வாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக, வேலை பார்த்தவர்களின் மனைவிமார், அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வருவார்கள். 35-க்கு 45 மில்லிமீட்டர், வாய் மூடி, சிரிக்காமல், பார்வை நேராக. அதை எடுத்து முடித்ததும், “ஆச்சி, இப்ப உங்களுக்காக ஒண்ணு” என்பேன். பாப்பாக்கள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்டால் போதும், முகம் மலர்ந்துவிடும். ஒருநாள் வீட்டுக் கூடத்தில் மாலையோடு தொங்கப்போவது அந்த இரண்டாவது படம்தான். ஆச்சிக்கும் அது தெரியும். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு உட்காருவார்.

மண்டபத்தில் மேடைப்படம் எடுக்கும்போது எல்லோரும் நடுவுக்கு நெருங்கச் சொல்லிவிட்டு, நான் இரண்டடி பின்னால் போகிறேன். மணமக்கள் கொஞ்சம் சிறிதாகத் தெரிவார்கள். பரவாயில்லை, அவர்களுக்கு அன்றைக்கு மட்டும் ஆயிரம் படம் இருக்கிறது. தூணோரம் குழந்தையை இடுப்பில் வைத்து நிற்கும் பெண்ணுக்கு ஒன்றுதான்.

ஆல்பம் வடிவமைக்கும் பையன் கணினியில் கட்டத்தை இழுத்து நிறுத்திக் கேட்பான்: “அண்ணே, இந்த ஓரத்துல யாரோ நிக்கிறாங்க. வெட்டிடவா?”

“இருக்கட்டும்டா” என்பேன்.