தறிக்குழியில் பால் காளான்

வீட்டுக்குள்ள எதையாவது வளர்க்கணும்னா முதல்ல என்ன வாங்கணும்? விதையா, பையா, வைக்கோலா? என்னைக் கேட்டா ஒரு தெர்மாமீட்டர்னு சொல்வேன். வளர்க்கப் போற ரூம்ல அதை ஒரு வாரம் தொங்கவிட்டு காலையில, மதியம் ரெண்டு மணிக்கு, ராத்திரி படுக்கப் போறப்போன்னு மூணு வேளையும் பார்த்து நோட்டுல எழுதிக்கணும். அந்த ரூம்ல எது வரும், எது வராதுன்னு அந்த நோட்டே சொல்லிடும்.

சேலம், நாமக்கல் பக்கம் இருக்கறவங்களுக்கு இது ரொம்ப முக்கியம். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரத்துல இருக்கு. சேலம் டவுன் 300 மீட்டர் கூட இல்ல. நடுவுல இருக்கறது ஒரு மணி நேர பஸ் பயணம்தான், ஆனா மேல சொகுசா வளர்றது கீழே ஒரே நாள்ல கருகிடும். காளான்னு சொன்னாலே நம்ம ஆளுங்க ஊட்டி, கொடைக்கானலை நினைக்கறதுக்கும் இதான் காரணம்.

2024 ஏப்ரல்ல சேலத்துல வெயில் 40 டிகிரியைத் தாண்டினது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சரியா அந்த மாசத்துலதான் நான் காளான் வளர்க்க இறங்கினேன். "வெயில்ல மூளை உருகிடுச்சா?"ன்னு சிநேகிதன் ஒருத்தன் கேட்டான் :)

அவசரத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு. எங்க வீடு ராசிபுரம் பக்கம். அப்பா நாப்பது வருசம் குழித்தறியில உக்காந்து நெஞ்சவர். கண்ணு மங்கினதும் ரெண்டு தறியையும் பிரிச்சுக் கொடுத்தாச்சு. தறி போனாலும் தறிக்குழி எங்க போகும்? மண்தரை, ஓட்டுக்கூரை, நடுவுல ரெண்டு குழின்னு தறிவீடு அப்படியே சும்மா கிடந்துச்சு. அண்ணன் ஆனி மாசம் மேஸ்திரியை வரச் சொல்லியிருந்தார். குழியில மண்ணைக் கொட்டி மூடி, டைல்ஸ் போட்டு வாடகைக்கு விட்டுடலாம்னு கணக்கு. அவர் சொன்னதுலயும் தப்பில்ல, வீட்டுச் செலவுக்குப் பணம் வேணுமே. அப்பா சரின்னும் சொல்லல, வேண்டாம்னும் சொல்லல. எழுந்து திண்ணைக்குப் போயிட்டார். அவர் அப்படி எழுந்து போனா என்ன அர்த்தம்னு அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

தெர்மாமீட்டர் கதைக்கு வர்றேன். மதியம் ரெண்டு மணிக்கு நான் எழுதி வெச்ச கணக்கு இது. மேல ஆஸ்பெஸ்டாஸ் ரூம் 41. கூடம் 37. தறிவீடு 35. தறிக்குழிக்குள்ள 31. தெர்மாமீட்டர்ல கோளாறுன்னு நினைச்சு இடம் மாத்தி மாத்தி வெச்சேன், அதே நம்பர்தான். ராத்திரியிலயும் குழிக்குள்ள 29க்குக் கீழ இறங்கல. அதாவது பகலுக்கும் ராத்திரிக்கும் ரெண்டே டிகிரி வித்தியாசம்.

அப்பாகிட்ட சொன்னேன். அவருக்கு ஆச்சரியமே இல்ல. "காத்து காஞ்சா பாவு நூல் படக் படக்னு அறும் கண்ணு. மண்ணுக்குள்ள இறங்கி உக்கார்றது காலுக்கு மட்டுமா? நூலுக்கும் ஈரம் வேணுமில்ல"ன்னார். கோடையில தரைக்குத் தண்ணி தெளிக்கறது, ஜன்னல்ல ஈரச்சாக்கு கட்டறது எல்லாம் சின்ன வயசுல பார்த்ததுதான். சூட்டுக்காகச் செய்யறாங்கன்னு நினைச்சுட்டு இருந்தேன். நூலுக்காகன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது.

இப்ப காளானுக்கு வருவோம். சந்தியூர்ல வேளாண்மைப் பல்கலைக்கழகத்தோட வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு. நாமக்கல்ல கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்துல இன்னொண்ணு. புதுசா ஆரம்பிக்கறவங்க இந்த மாதிரி இடத்துல கேட்டுட்டு இறங்கறது நல்லது. வீட்டுல வளர்க்கறதுக்கு நம்ம பக்கம் ரெண்டு வகை தோதுப்படும். சிப்பிக் காளான் 20லேர்ந்து 28 டிகிரி வரைக்கும் சந்தோசமா இருக்கும். பால் காளான் 30லேர்ந்து 35 டிகிரியைக் கேக்கும்! காத்துல ஈரம் மட்டும் 80 சதவீதத்துக்கு மேல வேணும்.

இந்தப் பால் காளான் கதை சுவாரசியமானது. இதை முதன்முதல்ல 1974ல மேற்கு வங்காளத்துல கண்டுபிடிச்சு எழுதினாங்க. அதுலேர்ந்து வியாபாரமா வளர்க்கற மாதிரி ஒரு ரகத்தை 1998ல வெளியிட்டது நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ரகத்தோட பேர் ஏபிகே 2. ஏபிகேன்னா அருப்புக்கோட்டை. அந்த வெயில் ஊர்லேர்ந்து வந்த காளானுக்கு நம்ம சித்திரை வெயில் எம்மாத்திரம்?

இதுக்குப் பல்கலைக்கழகம் சொல்ற கொட்டகை எப்படித் தெரியுமா? தரையை மூணடி ஆழம் தோண்டி, பாதி பூமிக்குள்ள இருக்கற மாதிரி கட்டி, மேல நீல நிற பாலிதீன் ஷீட் போடணும். படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்தக் குழியை எங்க தாத்தா எப்பவோ தோண்டி வெச்சுட்டாரே!

இருந்தாலும் ரெண்டு வகையையும் வெச்சே பார்த்துடலாம்னு சிப்பியில நாலு படுக்கை, பாலில் நாலு படுக்கை போட்டேன். காளான் வித்துங்கறது வேற ஒண்ணுமில்ல, வெந்த சோளத்துல காளானோட இழையை வளர்த்தது. பஞ்சு சுத்தின சோளம் மாதிரி வெள்ளையா இருக்கும். ஒரு பாக்கெட் ரெண்டு படுக்கைக்கு வரும். வைக்கோலை விரல் நீளத்துக்கு நறுக்கி, அஞ்சு மணி நேரம் ஊறப் போட்டு, அப்புறம் அண்டாவுல முக்கால் மணி நேரம் வேக வெச்சு ஆறவிட்டோம். கைப்பிடி அள்ளிப் பிழிஞ்சா கையில ஈரம் தெரியணும், ஆனா சொட்டு விழக் கூடாது. பையில ஒரு படை வைக்கோல், ஓரத்தைச் சுத்தி வித்து, மறுபடி வைக்கோல்னு அடுக்கி, வாயைக் கட்டி, பக்கத்துல ரெண்டு ஓட்டை. அவ்வளவுதான்.

பதினாலு நாள்ல பால் காளான் பை முழுக்க வெள்ளை ஓடிடுச்சு. ஒரு பையில மட்டும் பச்சைப் பூசணம் வந்துச்சு. அதை அன்னைக்கே தூக்கி வீட்டுக்கு வெகு தூரத்துல புதைச்சுட்டோம். விட்டா மத்த பைக்கும் பரவிடும். மிச்சம் மூணு. அதைக் குறுக்கால பாதியா வெட்டி ஆறாக்கி, ஒவ்வொண்ணு மேலயும் முக்கால் அங்குலத்துக்கு மண் போடணும். இந்த மண்ணுல சுண்ணாம்புப் பொடி கலந்து ஒரு மணி நேரம் ஆவியில வேக வைக்கணும். இட்லிக் குண்டான்ல மண் வேகறதைப் பார்த்து அம்மா அடிச்ச கமெண்டை இங்க எழுத முடியாது.

அப்புறம் ஆறையும் குழிக்குள்ள இறக்கினோம். குழிக்கு அடியில ஆத்துமணலைப் பரப்பி ஈரமாக்கி, சுத்தி ஈரச்சாக்கு கட்டினது அப்பா. காளானுக்குக் கொஞ்சம் வெளிச்சமும் வேணும். அதுக்கும் வழி இருந்துச்சு. தறியில நூல் தெரியணும்னு கூரையில பதிச்ச கண்ணாடி ஓடு அப்படியே இருந்துச்சே, அந்த வெளிச்சமே போதுமா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல தெருவுல ஒரு வதந்தி. எப்பவும் சாத்தின கதவு, ஈரச்சாக்கு, நீல ஷீட், யாரையும் உள்ள விடறதில்ல, நான் மட்டும் வேளைக்கு மூணு தரம் போயிட்டு வர்றேன். எதிர்வீட்டு மாமா ஒரு நாள் கூப்பிட்டு, "தம்பி, உள்ள ஏதும் கஞ்சா கிஞ்சா போட்டுடலையே?"ன்னு மெதுவாக் கேட்டார். எனக்குச் சிரிப்பு. ஆனா அது சிரிக்கற விசயமில்லங்க. நம்ம நாட்டுல 1985ஆம் வருசத்துப் போதைப்பொருள் சட்டத்துல 20ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாம கஞ்சாச் செடி வளர்த்தா பத்து வருசம் வரைக்கும் கடுங்காவல், ஒரு லட்சம் வரைக்கும் அபராதம். வீட்டுக்குள்ள தொட்டியில ஒரு செடின்னாலும் குத்தம் குத்தம்தான். ஜெர்மனியில 2024 ஏப்ரல் 1லேர்ந்து பெரியவங்க வீட்டுல மூணு செடி வரைக்கும் வெச்சுக்கலாம்னு சட்டம் வந்துச்சு. அதைப் படிச்சுட்டு இங்க யாரும் தொட்டியைத் தேடக் கூடாது :) மாமாவைக் கையோட கூட்டிப் போய்க் குழியைக் காட்டினேன். அப்பதான் மொட்டு எட்டிப் பார்த்திருந்துச்சு. "அட, நாய்க்குடை!"ன்னுட்டுப் போயிட்டார். வதந்தி ஓவர்.

ஆனா அவர் கேட்டதுலேர்ந்து ஒண்ணு யோசிச்சேன். வீட்டுக்குள்ள வளர்க்கறதைப் பத்தி இங்கிலீஷ்ல தேடினா வர்றதுல முக்கால்வாசி குளிர் நாட்டுக்காரங்க எழுதினது. அவங்க விளக்கு போட்டு ரூமைச் சூடாக்கப் பாடுபடறாங்க. நமக்குச் சூடு இலவசம், ஈரத்தைத்தான் காப்பாத்தணும். அவங்க வித்தையை அப்படியே இங்க இறக்கினா கரண்ட் பில்லுதான் வளரும்.

ரிசல்ட்டைச் சொல்லிடறேன். சிப்பிக் காளானைத் தறிவீட்டுலயே உறி கட்டித் தொங்கவிட்டிருந்தேன். மொட்டு வந்துச்சு, ஆனா பாதி மொட்டு மஞ்சளாகிக் காகிதம் மாதிரி காஞ்சு போச்சு. நாலு படுக்கையும் சேர்ந்து 200 கிராம் தேறிச்சு. பால் காளான் மண் போட்ட பத்தாம் நாள் மொட்டு விட்டு, அடுத்த ஒரு வாரத்துல உள்ளங்கை அகலத்துக்குப் பால் வெள்ளையா நின்னுச்சு. மூணு அறுவடையும் சேர்த்து 1 கிலோ 900 கிராம். மொத்தமா அம்பது நாளுக்குள்ள முடிஞ்சது. சிப்பி மாதிரி மறுநாளே வாடறதும் இல்ல, மூணு நாள் வரைக்கும் தாங்குது. முதல் அறுவடையை மிளகு போட்டு வறுத்துச் சாப்பிட்டோம். மிச்சத்தைக் காய்கறிக் கடைக்காரர் கிலோ இருநூறுன்னு எடுத்துக்கிட்டார்.

இதுல நெசவுக் கூலி அளவுக்கு வரும்னு சொன்னா அது பொய். ஆறு பாதிப் படுக்கையை வெச்சு யாரும் குடும்பம் நடத்த முடியாது. ரெண்டு குழியையும் சேர்த்து, தறிவீட்டையும் ஈரமா வெச்சு, வாராவாரம் பத்துப் பத்தா படுக்கை போட்டாத்தான் வாடகைக்கு ஈடா ஏதாவது கையில நிக்கும். நோட்டுல அந்தக் கணக்கையும் எழுதி அண்ணன்கிட்ட நீட்டினேன். ரெண்டு தரம் படிச்சார். "அடுத்த ஆனி வரைக்கும் பார்ப்போம். வரலைன்னா மண்ணு கொட்டிடுவேன்"னார். மேஸ்திரிக்குப் போன் பண்ணி வர வேண்டாம்னும் சொல்லிட்டார்.

இப்ப பையில வைக்கோல் அடைக்கறது நான், மண்ணு வேக வைக்கறது அம்மா. தண்ணி தெளிக்கறது அப்பா. எவ்வளவு, எப்போன்னு அவர்கிட்ட யாரும் சொல்றதில்ல. கண்ணு சரியாத் தெரியாதுதான். குழிக்குள்ள கையை விட்டுப் பார்ப்பார், இன்னைக்கு ஈரம் பத்தலைன்னா பத்தலைன்னு அர்த்தம். தெர்மாமீட்டரை நான் பார்க்கறது அவர் சொன்னதுக்கு அப்புறம்தான்.

பி.கு: மண்தரையும் பழைய தறிக்குழியும் இருக்கறவங்க மூடறதுக்கு முன்னாடி ஒரு வாரம் தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டுப் பாருங்க. அப்புறம் மூடிக்கலாம்.